2 வயசுப் பிள்ளையோட நீச்சல்: பையில என்ன, எந்த வரிசையில?

ரெலாவ்_அம்மா

வணக்கம். நாங்க மலேசியாவுல பினாங்கு, ரெலாவ் பக்கம். மகளுக்கு 2 வயசு 4 மாசம், 12 கிலோ. மகனுக்கு 6 வயசு. சனிக்கிழமை காலையில காண்டோ (அடுக்குமாடி) குளம், மாசத்துக்கு ஒரு தடவை பத்து பெரிங்கி கடற்கரை. பெரும்பாலும் நான் ஒருத்திதான் ரெண்டு பேரையும் பார்த்துக்கணும்.

பை வாரா வாரம் பெருசாகிட்டே போகுது. ஆனா வேணுங்கிற நேரத்துல வேணுங்கிற சாமான் கையில அகப்படாது. தண்ணியில இருந்து தூக்கின உடனே சின்னவ நடுங்குவா. பேம்பர்ஸ் அடியில கிடக்கும், துண்டு ஏற்கெனவே ஈரம், என் மேலிருந்தும் தண்ணி சொட்டும். வீட்டுக்கு வந்து பார்த்தா மாத்தாத துணிகூட நனைஞ்சிருக்கும்.

என்ன சாமான், எத்தனை, எப்படி அடுக்கணும்? நீச்சலுக்குன்னு தனி பேம்பர்ஸ் விக்கிறாங்களே, அது அவசியமா, இல்ல சாதாரணமானதே போதுமா? கடலுக்குப் போறப்ப கூடுதலா என்ன? "எதுக்கும் எல்லாத்தையும் எடுத்துக்கோங்க"ன்னு சொல்லாம, கணக்கோட சொல்லுங்க.


மூணுசுருள்

சிஸ், பை அளவுல கோளாறு இல்ல. குளத்துல இறங்குறதுக்குன்னு நினைச்சு அடுக்குறோம், அங்கதான் தப்பு. இறங்குறதுக்கு ஒண்ணுமே வேண்டாம், போட்டிருக்கிற உடுப்போட இறங்கலாம். ஏறி வந்தப்புறம் இருக்கிற 10 நிமிஷத்துக்குத்தான் பை. அந்த 10 நிமிஷத்துக்கு எது முதல்ல வேணுமோ அது மேல. அவ்வளவுதான் விதி.

வீட்டிலேயே முடிக்க வேண்டியதை முடிச்சிட்டா பாதி சாமான் குறையும். மூணு பேரும் நீச்சல் உடையை வீட்டிலேயே போட்டு, மேல ஒரு தொளதொள சட்டை. சன்ஸ்கிரீனும் வீட்டிலேயே. சின்னவளுக்கு மட்டும் கார்ல போறப்ப சாதாரண பேம்பர்ஸ், குளத்துக்கிட்ட போய்த்தான் நீச்சல் பேம்பர்ஸ். ஏன்னு கீழ யாராவது விளக்குவாங்க. சுருக்கமா, அது மூத்திரத்தைப் பிடிக்காது. கார் சீட்டு நனைஞ்சா அன்னிக்கு முழுக்க அதே வாடைதான்.

இப்ப சுருள். நம்ம ஊர் குட் மார்னிங் துண்டு இருக்கே, சிவப்பு எழுத்து போட்ட வெள்ளைத் துண்டு, அதுல ஒண்ணை நீளவாக்குல விரிங்க. உங்க பக்கத்து ஓரத்துல சட்டை, அடுத்து கால்சட்டை, எதிர் ஓரத்துல பேம்பர்ஸ். சட்டை இருக்கிற பக்கத்திலிருந்து பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி, முடி கட்டுற ரப்பர் ஒண்ணு போடுங்க. பிரிக்கிறப்ப பேம்பர்ஸ் முதல்ல வரும், அப்புறம் கால்சட்டை, கடைசியா சட்டை. தேடவே வேண்டாம். பிரிச்ச துண்டே படுக்க வைக்கிற விரிப்பு. சட்டை ஏன் கடைசியிலன்னா, அதுவரைக்கும் மேல் உடம்பைத் தொப்பி வெச்ச துண்டு மூடியிருக்கும்.

சட்டை ஒரு அளவு பெருசா, பட்டன் இல்லாததா இருக்கணும். எவ்வளவு துடைச்சாலும் தோல்ல கொஞ்சம் ஈரம் இருக்கும், இறுக்கமான கை ஏறாது. அங்கதான் அழுகை ஆரம்பிக்கும்.

உங்களுக்கும் ஒரு சுருள் வேணும். இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. சொட்டச் சொட்டப் பிள்ளையைத் தூக்கினா, அதுக்குப் போட்ட காய்ஞ்ச சட்டை ஒரு நிமிஷத்துல ஈரம். அதனால ஒரு துண்டு, ஒரு பழைய டீ-ஷர்ட், உள்ளாடை. (வீட்டிலேயே நீச்சல் உடை போட்டு வர்றவங்க மறக்கிற முதல் சாமான் உள்ளாடைதான்.) வரிசை: பிள்ளையைத் துண்டுல பொதிங்க, உங்க கையையும் நெஞ்சையும் துடைச்சு டீ-ஷர்ட்டை மாட்டுங்க, அப்புறம் பிள்ளைக்கு உடுத்துங்க.

மகனுக்குத் தனியா கயிறு இழுக்கிற சின்னப் பை. கண்ணாடி, தொப்பி, துண்டு, ஒரு செட் துணி. 6 வயசுக்கு அவனே தூக்கட்டும். அவன் சாமானை உங்க பையில கலக்காதீங்க.

பெரிய பைக்கு இக்கியா நீலப் பையில 36 லிட்டர் அளவு போதும். 71 லிட்டர் வாங்கினா அதையும் நிரப்பிடுவீங்க, மனுஷ சுபாவம். அது திறந்த வாய், ஜிப் கிடையாது, ஒரு கையால எடுக்கலாம். அடியிலிருந்து மேல: மாத்து பேம்பர்ஸும் மிச்ச சாமானும், சின்னவளோட சுருள், உங்க சுருள், எல்லாத்துக்கும் மேல தொப்பித்துண்டு. தண்ணிப் போத்தலைப் பைக்கு உள்ள வைக்காதீங்க, மூடி கசிஞ்சா எல்லாம் போச்சு. வெளியில கொக்கி போட்டுத் தொங்க விடுங்க. காண்டோ கார்டும் கார் சாவியும் கழுத்துல மாட்டுற சின்னப் பையில.

வாய் சுருட்டி மூடுற நீர்புகாப் பை ஒண்ணு, 10 லிட்டர். போறப்ப சுருள்கள் அதே வரிசையில அதுக்குள்ள, வர்றப்ப ஈரத்துணி. ஒரே பை ரெண்டு வேலை. வாயை 3 தடவை மடிச்சுக் கொக்கி போட்டாத்தான் தண்ணி நிக்கும், ஒரு மடிப்புல கசியும்.

துண்டு கனத்தையும் பாருங்க. 70 x 140 சென்டிமீட்டர் பருத்திக் குளியல் துண்டு, சதுர மீட்டருக்கு 450 கிராம் ரகம்னா, காய்ஞ்ச நிலையிலேயே ஏறக்குறைய 440 கிராம். மூணு கொண்டு போனா 1.3 கிலோ, நனைஞ்சா அதைப்போல ரெண்டு பங்குக்கு மேல. ஒரு கையில பிள்ளை, ஒரு கையில அது. மைக்ரோஃபைபர் துண்டுக்கு மாறிடுங்க.


குளக்கரை

நீச்சல் பேம்பர்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சாதாரண பேம்பர்ஸுக்குள் ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாக மாறும் பொடி உண்டு. குளத்தில் இறக்கினால் குளத்துத் தண்ணீரையே உறிஞ்சும். சில நிமிடங்களில் கல் மாதிரி கனக்கும், இடுப்பிலிருந்து இறங்கும், கிழிந்தால் ஜெல் உருண்டைகள் குளம் முழுக்கப் பரவும். நீச்சல் பேம்பர்ஸில் அந்தப் பொடி இல்லை. அதனால் மூத்திரமும் வெளியே போகும். அதன் வேலை மலத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பது மட்டும்.

"கொஞ்ச நேரம்" என்பதைக் கவனியுங்கள். எந்த நீச்சல் பேம்பர்ஸும் கிருமி கசிவதைத் தடுக்காது. 30 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் ஒரு தடவை கழிவறைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். குளத்தின் ஓரத்தில் மாற்றக் கூடாது. வழிவது திரும்பத் தண்ணீருக்கே போகும். பயன்படுத்தி எறிவது என்றால் பக்கவாட்டைக் கிழித்துக் கழற்றுங்கள், கால் வழியாக இறக்கினால் எல்லாம் காலில் பூசும்.

தொடையிலும் இடுப்பிலும் இறுக்கமாக இருக்க வேண்டும், ஒரு விரல் நுழைந்தால் போதும். பொட்டலத்தில் போட்டிருக்கும் எடையைப் பார்த்து வாங்குங்கள், வயதைப் பார்த்து அல்ல. ஒன்றரை மணி நேரத்துக்கு 2, அவசரத்துக்கு 1, ஆக 3. துவைத்துப் பயன்படுத்தும் துணி வகை என்றால் 2. சில நீச்சல் வகுப்புகளில் எறியும் வகையை உள்ளேயும் துணி வகையை மேலேயும் இரட்டையாகப் போடச் சொல்வார்கள். அது நல்ல வழக்கம். வீடு திரும்ப சாதாரணமானது 2.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் குளம் கிடையாது. நின்ற மறுநாளும் கிடையாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியாகக் குளோரின் போட்ட குளத்திலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். அது காரணம் என்றால் போக்கு நின்று 2 வாரம் கழித்துத்தான் இறக்க வேண்டும். கை, கால், வாய் நோய் இருக்கும்போதும் இறக்காதீர்கள்.

இன்னொன்று. "குளோரின் வாடை தூக்குது, தண்ணி சுத்தம்" என்பார்கள். தலைகீழ். குளோரின் மூத்திரத்தோடும் வேர்வையோடும் சேர்ந்து குளோரமைன் ஆகும்போதுதான் அந்த நெடி வரும், கண்ணும் எரியும். இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் ஷவரில் நனைவது இதற்காகத்தான். பையில் ஒரு சின்னப் பொட்டலம் குளத்து நீர் சோதனைத் தாள் வைத்துக்கொள்ளலாம். பிஎச் (அமில-கார அளவு) 7.2 முதல் 7.8 வரை, தனிக் குளோரின் (கிருமியைக் கொல்ல மிச்சமிருப்பது) குறைந்தது 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்). அதற்கு வெளியே இருந்தால் அன்றைக்குப் பிள்ளையை இறக்காமல் காண்டோ அலுவலகத்துக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

பருத்தி டீ-ஷர்ட்டோடு இறங்க விடாத குளங்கள் நிறைய. பஞ்சு இழை வடிகட்டியை அடைக்கும், நனைந்த பருத்தி பிள்ளையைக் கீழேயும் இழுக்கும். முழுக்கை நீச்சல் உடை வாங்கிவிட்டால் அந்த வாக்குவாதமே வராது.


ரெலாவ்_அம்மா

ரெண்டு பேருக்கும் நன்றி. சுருள் இப்பவே சுருட்டிப் பார்த்தேன், பேம்பர்ஸ் முதல்ல வருது!

இன்னும் ரெண்டு கேள்வி. சன்ஸ்கிரீன் எவ்வளவு, எத்தனை தடவை? அப்புறம் கையில மாட்டுற காத்துப்பட்டை, ரெண்டு பக்கமும் ஊதுறது, அதை மாட்டினா மகனைக் கொஞ்சம் கவனிக்கலாம்ல?


குளக்கரை

காற்றுப்பட்டைக்கு உடனே பதில்: இல்லை. அது விளையாட்டுச் சாமான். ஈரக்கையில் வழுக்கிக் கழன்றுவிடும், ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் ஒரு பக்கம் மட்டும் தொய்யும். கழுத்தில் மாட்டும் வளையம் அதைவிட மோசம்.

சட்டை மாதிரி மாட்டும் மிதவை உடை வாங்கினால் நாலு விஷயம் பாருங்கள். பிள்ளையின் எடை அதில் எழுதியிருக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும். "பெருசா வாங்கினா ரெண்டு வருஷம் வரும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. கால் இடுக்கு வழியாக ஒரு பட்டை இருக்க வேண்டும். மாட்டிவிட்டு இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்குங்கள், முகவாய் கழுத்துப் பட்டைக்குள் புதைந்தால் அது பெரிது. அட்டையில் ஈஎன் 13138 என்று இருந்தால் அது நீச்சல் பழகும் துணை, ஐஎஸ்ஓ 12402 என்று இருந்தால்தான் உயிர்காப்பு உடை வகை. இரண்டும் கடைகளில் ஒரே அலமாரியில் தொங்கும்.

எதை மாட்டினாலும் 2 வயதுப் பிள்ளை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமில்லாமல் போய்விடும்.

நீங்கள் ஒருவரே என்பதால் சொல்கிறேன். ஆபத்தான நேரம் நீங்கள் தண்ணீரில் இருக்கும்போது இல்லை, பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போதுதான். சின்னவளுக்குத் துணி மாற்றும்போது மகன் குளத்தில் இருக்கக் கூடாது. முதலில் அவனை ஏற்றி, துண்டு போர்த்தி, உங்கள் எதிரில் உட்கார வைத்துக் கையில் பிஸ்கட் கொடுங்கள். அதற்கப்புறம் சுருளைப் பிரியுங்கள். மேலே சொன்ன அடுக்கு முறையின் உண்மையான லாபம் இதுதான், பையைப் பார்க்காமலே கை போய் எடுக்கும்.

உடை நிறம்: பளிச்சென்ற ஆரஞ்சு, இளஞ்சிவப்பு. நீலமும் வெள்ளையும் குளத்தின் அடித்தளத்தோடு கலந்துவிடும். கிளம்பும்போது பொம்மை, வாளி, பந்து எல்லாவற்றையும் தண்ணீரிலிருந்து எடுத்து வலைப்பையில் போட்டுவிடுங்கள். மிதக்கும் பொம்மையை எடுக்கத்தான் பிள்ளை திரும்ப ஓடும்.


ஸ்தாப்பாக்_மாமா

கேஎல்லில் (கோலாலம்பூர்) இருந்து எழுதுகிறேன், ஆனால் வெயில் ரெண்டு ஊருக்கும் பொதுச்சொத்து.

"பத்து மணிக்குமேல வெயில்" என்று பழைய கணக்கில் சொல்வார்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1.20க்கு. கேஎல்லில் 1.13 வாக்கில். ஆக, கடும் வெயில் 11 முதல் 4 வரை. காலை 8.30க்கு இறங்கி 10.30க்குள் வீட்டுக்குப் புறப்பட்டால் பையில் பாதி பிரச்சினை தீரும். கேஎல்சிசி பூங்காவில் இருக்கும் பிள்ளைகள் குளம் மாதிரித் திறந்தவெளி இடத்துக்கு இது இன்னும் முக்கியம்.

சன்ஸ்கிரீன் கணக்கு இப்படி. சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான் புட்டியில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு எண்) கிடைக்கும். 12 கிலோ பிள்ளையின் தோல் பரப்பு அரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். உடம்பு முழுக்கப் பூச 10, 11 கிராம் வேண்டும். முழுக்கை உடையும் பின்கழுத்து மறைக்கும் தொப்பியும் போட்டுவிட்டால் முகம், காது, கழுத்து, புறங்கை, கால், பாதம் மட்டும்தான் மிச்சம், ஒரு தேக்கரண்டி போதும். பட்டாணி அளவு தொட்டுத் தடவுவது திருநீறு பூசுவதற்குச் சரி, வெயிலுக்குப் போதாது.

எஸ்பிஎஃப் 30க்கு மேல், துத்தநாக ஆக்சைடு வகை, "தண்ணீர் தாங்கும் 40 நிமிடம்" அல்லது "80 நிமிடம்" என்று எழுதியது. இறங்க 15 நிமிடம் முன்னால் பூசுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, துண்டால் துடைத்தபின் மறுபடியும். ஸ்பிரே வேண்டாம், பிள்ளை மூக்கில் இழுத்துவிடும். புட்டியைக் காரிலேயே போட்டு வைக்காதீர்கள், சூட்டில் மருந்து கெட்டுவிடும். 6 மாதத்துக்குக் கீழான குழந்தைக்கு இதெல்லாம் இல்லை, நிழல் மட்டும்தான். மாலை நேரக் குளியல் என்றால் ஏடிஸ் கொசு வரும் நேரம். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்தபின் கொசுமருந்து. இரண்டும் கலந்த புட்டி வாங்காதீர்கள். ஒன்று அடிக்கடி பூச வேண்டியது, மற்றது அடிக்கடி பூசக் கூடாதது.

இடி கேட்டால் உடனே ஏறிவிட வேண்டும், மழை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடைசி இடிச் சத்தத்துக்கு அப்புறம் 30 நிமிடம் தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடி வழக்கம். ஆக, காலைக் குளியலுக்கு இன்னொரு காரணம்.

துண்டு விஷயத்தில் மூணுசுருளோடு எனக்கு உடன்பாடு பாதிதான். மைக்ரோஃபைபர் சீக்கிரம் காயும், கனமும் குறைவு, சரி. ஆனால் ஈரமான சின்ன உடம்பில் அது வழுக்கிக்கொண்டு ஓடும், நாலு தடவை ஒற்ற வேண்டும். பெரியவர்களுக்கு அது. சின்னவளுக்கு மட்டும் பருத்தித் தொப்பித்துண்டு. அந்த ஒன்றின் கனத்தைச் சுமக்கலாம்.

நடுக்கத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் குளம் 28, 29 டிகிரி இருக்கலாம், நமக்கு இதம். உடம்பு 37. சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், சூடு வேகமாகப் போகும். 20, 30 நிமிடத்தில் ஏற்றி, 10 நிமிடம் உலர வைத்து, திரும்ப இறக்குங்கள். உதடு நீலம் தட்டினால் அன்றைக்குப் போதும். ஏறியதும் ஈர உடையைக் கழற்றுங்கள். ஈர உடையின் மேல் துண்டு சுற்றினால் காற்று பட்டு இன்னும் குளிரும். சூடு ஏற்ற காயு பூத்தே எண்ணெய் (நெடி அடிக்கும் மருந்து எண்ணெய்) தேய்ப்பவர்கள் உண்டு. 2 வயதுப் பிள்ளையின் மூக்கருகிலும் முகத்திலும் அது வேண்டாம். ஃபிளாஸ்கில் 200 மில்லி இளஞ்சூட்டுத் தண்ணீரோ மைலோவோ போதும்.

சாப்பாடு: தண்ணீரிலிருந்து ஏறிய பிள்ளைக்குப் பசி பிசாசு மாதிரி வரும். பொடி தடவாத இட்லி 2, பிசாங் மாஸ் (சின்ன வாழைப்பழம்) 2. நாசி லெமாக் பொட்டலம் வேண்டாம், தேங்காய்ப்பால் சோறு சூட்டில் கெடும். சமைத்த எதையும் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி. திராட்சை கொடுத்தால் நீளவாக்கில் நாலாக வெட்டி, உட்கார வைத்துத்தான்.


உப்புக்காத்து

கடலுக்குக் குளத்துப் பையை அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க. சுருள் முறை சரிதான், ஆனா மணலும் ஜெல்லிமீனும் தனிக் கணக்கு.

பினாங்குக் கரையில ஜெல்லிமீன் உண்டு, கடும் விஷமுள்ள பெட்டி வகையும் உண்டு. பலகையில "ஒபோர்-ஒபோர்"னு (மலாய்ல ஜெல்லிமீன்) எழுதியிருந்தாலோ, சிவப்புக் கொடி பறந்தாலோ இறங்கவே வேண்டாம். பினாங்கு தேசியப் பூங்காவுல இருக்கிற பந்தாய் கெராச்சுட் பார்க்க அழகு, குளிக்கிற இடம் இல்ல. பத்து பெரிங்கியில ஜெட் ஸ்கீயும் பாராசூட் படகும் ஓடுற பகுதியிலிருந்து நல்லாத் தள்ளியே இருங்க. தண்ணி கலங்கலா இருக்கும், முழங்கால் ஆழத்துலயே தரை தெரியாது. கெண்டைக்கால் வரைக்கும் மூடுற உடையும் தண்ணிச் செருப்பும் போட்டுட்டா பாதிக் கவலை போகும்.

பையில கூடுதலா: வெள்ளை வினிகர் 500 மில்லி, கண்ணாடிப் போத்தல்ல இல்லாம பிளாஸ்டிக் போத்தல்ல மாத்தி, மேல பெருசா "வினிகர்"னு எழுதி. இல்லாட்டி யாராவது குடிச்சிடுவாங்க. ஒரு சாமணம். சூடு தாங்குற ஃபிளாஸ்கில சுடுதண்ணி.

ஜெல்லிமீன் கொட்டிட்டா: கரைக்குத் தூக்குங்க, தேய்க்காதீங்க, மணல் போடாதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க. நல்ல தண்ணி பட்டா தோல்ல ஒட்டியிருக்கிற, இன்னும் வெடிக்காத கொட்டு அறைகள் வெடிக்கும். மூத்திரமும் வேண்டாம், அது கட்டுக்கதை. வினிகரை 30 விநாடிக்குக் குறையாம ஊத்துங்க. அப்புறம் ஒட்டியிருக்கிற நூலைச் சாமணத்தால எடுங்க, வெறுங்கையால தொடாதீங்க. வலிக்கு 40 முதல் 45 டிகிரி சூட்டுத் தண்ணியில 20 நிமிஷம். முதல்ல உங்க கையை விட்டுப் பாருங்க, நீங்க தாங்குற சூடாத்தான் இருக்கணும், பிள்ளைத் தோல் சீக்கிரம் வெந்திடும். மூச்சுத் திணறல், வாந்தி, சோர்வு, இல்ல பரந்த இடத்துல தடம் இருந்தா, வினிகர் ஊத்திக்கிட்டே 999க்கு (அவசர உதவி) அடிங்க. இதே மாதிரி, தண்ணி குடிச்சு மூழ்கி எழுந்த பிள்ளை இருமல் நிக்காம, மூச்சு வாங்கி, துவண்டு போனாலும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்னு இருக்காதீங்க.

அடுத்து மணல். 1.5 லிட்டர் மினரல் போத்தல் 2. ஒரு மூடியில ஆணியால 6 ஓட்டை போட்டா அதுதான் ஷவர். ஒரு பிள்ளைக்கு ஒரு போத்தல் சரியா இருக்கும், மேலிருந்து கீழ ஊத்தினா. கீழயே ஆரம்பிச்சா பத்தாது. காய்ஞ்ச மணல் ஒட்டிக்கிட்டிருந்தா தேய்க்காதீங்க, உப்புத்தாள் மாதிரி உரசும். பழைய காலுறையில 3 மேசைக்கரண்டி சோளமாவு போட்டுக் கட்டி, அதால ஒத்துங்க. ஈரத்தை மாவு இழுத்துக்கும், மணல் தானா உதிரும். முகத்துப் பக்கம் வேண்டாம், தூள் மூக்குல ஏறும்.

நீச்சல் பேம்பர்ஸுக்குள்ள மணல் புகுந்துச்சுன்னா தொடை இடுக்கு சிவந்திடும். இறங்குறதுக்கு முன்னால துத்தநாகக் களிம்பு மெல்லிசா தடவுங்க. ஏறினதும் பேம்பர்ஸைக் கழட்டி அந்த இடத்தைக் கழுவினப்புறம்தான் புதுசு. மணலோட மாத்திட்டுக் கார்ல 40 நிமிஷம் உக்காந்து ரெலாவ் வர்றதுக்குள்ள புண்ணாகிடும்.

விளையாட்டுச் சாமானுக்கு வலைப்பை, மிஸ்டர் டிஐஒய் கடையில துணி துவைக்கிற வலைன்னு கேளுங்க. கடல்லயே ஒரு தடவை முக்கி எடுத்தா மணல் அங்கேயே தங்கிடும். நீர்புகாப் பையில மணல் துணியைப் போட்டா அந்த மணல் அடுத்த தடவை காய்ஞ்ச சட்டையில இருக்கும்.


ரெலாவ்_அம்மா

வினிகரைப் பத்தி யாருமே சொன்னதில்ல. இன்னிக்கே வாங்குறேன். கடைசியா ஒண்ணே ஒண்ணு, உடுப்புல வர்ற அந்த ஊளை வாடை. ரெண்டு தடவை துவைச்சும் போகல. நீர்புகாப் பையும் உள்ள நாறுது.


மூணுசுருள்

மாமா சொன்ன பருத்தித்துண்டை ஒத்துக்கிறேன், சின்னவளுக்கு மட்டும்.

வாடை துவைக்கிறதுல வரல, கார் பூட்ல வருது. ஈரத்துணி மூடின பைக்குள்ள சூட்டுல கிடந்தாலே வாடை பிடிக்க ஆரம்பிக்கும். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுறப்பவே உடுப்பு எல்லாத்தையும் அதே குளியலறைத் தரையில போட்டு, நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க. குளோரினும் உப்பும் இழுபடுற நூலைத் தின்னும், வாடையை விட அதுதான் செலவு. முறுக்கிப் பிழியாதீங்க, துண்டுல வெச்சுச் சுருட்டி அமுக்குங்க. டிரையர் வேண்டாம், நிழல்ல காத்தாட. மைக்ரோஃபைபருக்குத் துணி மென்மையாக்கி ஊத்துறதை நிறுத்துங்க, அது இழை மேல படிஞ்சு ஈரம் உறிஞ்சாது.

இப்ப இருக்கிற வாடைக்கு: வினிகர் வாங்கப் போறீங்கல்ல, ரெண்டு போத்தலா வாங்குங்க. ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு தண்ணி, அரை மணி ஊற வெச்சு, அலசிட்டு, வழக்கம்போலத் துவைங்க. வினிகரோட கிளோராக்ஸ் ப்ளீச்சைக் கலந்துடாதீங்க, விஷ வாயு வரும். நீர்புகாப் பையை உள்பக்கம் வெளியில வர்ற மாதிரித் திருப்பி, சோப்புத் தண்ணியால துடைச்சு, வாயைத் திறந்தே தொங்க விடுங்க. மடிச்சு வைக்கிறது முழுசாக் காய்ஞ்சப்புறம்தான்.

நீச்சல் கண்ணாடி உள்பக்கத்தை விரலால தேய்க்காதீங்க, பனி பிடிக்காத பூச்சு போயிடும். தண்ணி காட்டி உதறினா போதும். அன்னிக்கு ராத்திரியே அடுத்த வாரத்துக்கு ரெண்டு சுருளையும் சுருட்டிப் பைக்குள்ள போட்டுடுங்க. பேம்பர்ஸ் எண்ணிக்கையை மட்டும் சனிக்கிழமை காலையில ஒரு தடவை பார்த்துக்கோங்க, நடுவுல யாராவது எடுத்திருப்பாங்க.